மோட்டார் பக்கம்: பழைய இ.எக்ஸ்.5-க்கு வெயிலில் எந்த எண்ணெய்?

கேள்வி: என் தந்தையார் 1996-ல் வாங்கிய ஹோண்டா இ.எக்ஸ்.5 மோட்டார்சைக்கிளில்தான் தினமும் செந்தூலிலிருந்து ஷா ஆலாமுக்கு வேலைக்குச் செல்கிறேன். இதுவரை 10டபிள்யூ-40 எண்ணெய் ஊற்றி வந்தேன். வெயில் கடுமையாக இருப்பதால் 20டபிள்யூ-50 தான் ஊற்ற வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். காருக்கு வாங்கி மீந்துபோன எண்ணெயையே ஊற்றலாம் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?
– வாசகர், செந்தூல்

பதில்: நண்பரின் யோசனையை முதலில் தள்ளிவிடுங்கள். இ.எக்ஸ்.5-இல் கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை என்பதால் கிளட்சே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் கிளட்ச் தகடுகள் என்ஜின் எண்ணெயிலேயே நனைந்தபடிதான் இயங்குகின்றன; கியர் பற்சக்கரங்களுக்கும் அதே எண்ணெய்தான். எரிபொருளைச் சேமிப்பதற்காக வழுக்கும் தன்மையைக் கூட்டிய கார் எண்ணெய்களை இதில் ஊற்றினால், கிளட்ச் நழுவி, என்ஜின் இரைந்தாலும் வண்டி இழுக்காமல் போகக்கூடும். போத்தலின் பின்பக்கத்தில் ‘ஜாசோ எம்.ஏ’ அல்லது ‘எம்.ஏ.2’ என்ற ஜப்பானியத் தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்; எண்ணெயில் நனைந்து இயங்கும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான அடையாளம் அது. ‘எம்.பி’ என்றிருந்தால் அது பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டர்களுக்கானது, வேண்டாம்.

இனிப் பட்டறைக்காரரின் பேச்சுக்கு வருவோம். ‘டபிள்யூ’ எழுத்துக்கு முன்னால் உள்ள எண் குளிர்நிலையைக் குறிப்பது. 10டபிள்யூ எண்ணெயில், கடுங்குளிரிலும் என்ஜினைக் கிளப்ப முடிகிறதா என்று சோதிப்பது பூஜ்யத்துக்கும் கீழே 25 பாகையில். 20டபிள்யூ எண்ணெயை 15 பாகை கீழே. விடியற்காலையிலும் 23, 24 பாகைக்கு அதிகம் இறங்காத கோலாலம்பூரில் அந்த முதல் எண் குறித்து நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பின்னால் உள்ள எண்தான், என்ஜின் சூடேறிய நிலையில், அதாவது 100 பாகையில், எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. 40 என்றால் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் (எண்ணெயின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை. 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. ஆக, கெட்டியான ஒரு 40-க்கும் இளகிய ஒரு 50-க்கும் இடைவெளி மிகக் குறைவு. அதுவும் கியர் பற்களுக்கிடையே அரைபட்டு, புதிதாக ஊற்றும்போது 50 ஆக இருந்த எண்ணெய் சில வாரங்களில் 40-இன் எல்லைக்குள் இறங்கிவிடுவதும் உண்டு.

உங்கள் என்ஜினைக் காற்றுதான் குளிர்விக்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார்சைக்கிள் தடத்தில் நண்பகல் வெயிலில் ஓடும்போதுகூட அதற்குப் போதிய காற்று கிடைக்கிறது. மாலையில் செந்தூல் நெரிசலில் பத்து நிமிடம் நகராமல் நிற்கும்போதுதான் உண்மையில் வேகிறது. எனவே வெளியே 30 பாகையா 35 பாகையா என்பதை மட்டும் வைத்து எண்ணெயை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. வண்டி புகையாமல், எண்ணெய் குறையாமல் ஓடுகிறதென்றால் 10டபிள்யூ-40 போதும். இரண்டு எண்ணெய் மாற்றங்களுக்கிடையே மட்டம் கண்கூடாக இறங்கினாலோ, சூடான பிறகு வால்வுப் பகுதியில் சத்தம் கூடினாலோ 20டபிள்யூ-50-க்குப் போகலாம். தேய்ந்த உறுப்புகளுக்கிடையே அது சற்றுத் தடித்த படலமாக நிற்கும். ஆனால் நீலப்புகை வருகிறதென்றால், கெட்டியான எண்ணெய் பிஸ்டன் வளையத்தையோ வால்வு ‘சீல்’ எனப்படும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தையோ சரிசெய்யாது; செலவைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

எந்த எண்ணெய் என்று விவாதிக்கும் பலர், எவ்வளவு எண்ணெய் உள்ளே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இந்தச் சிறிய என்ஜின் ஒரு லிட்டருக்கும் குறைவாகவே எண்ணெய் கொள்ளும். அதில் 200 மில்லி குறைந்தாலும் மீதியுள்ளது கூடுதலாகச் சூடாகி விரைவில் கெட்டுப்போகும். வாரம் ஒருமுறை, என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, வண்டியை நடுத்தாங்கியில் சமமாக நிறுத்தி, அளவுக்கம்பியைத் துடைத்து, திருகாமல் வெறுமனே உள்ளே வைத்து எடுத்துப் பாருங்கள். திருகிவிட்டுப் பார்த்தால் கம்பி ஆழமாக இறங்கி, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். போத்தலில் ஒரு லிட்டர் இருக்கிறது என்பதற்காக முழுவதையும் கவிழ்ப்பதும் தவறு.

நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் ஓடும் உங்கள் வண்டிக்கு 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்வேன். இந்த என்ஜினில் காகித வடிகட்டி கிடையாது. ஒரு கம்பிவலையும், சுழற்சியால் அழுக்கை ஒதுக்கும் கிண்ணமும் மட்டுமே உண்டு. கிளட்ச் மூடியைக் கழற்றும் வேலை எப்போதாவது வந்தால், அந்தக் கிண்ணத்தையும் சுத்தம் செய்து தரும்படி பட்டறைக்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி: பழைய மோட்டாருக்குச் செயற்கை எண்ணெய் ஊற்றினால் கசியும் என்கிறார்களே?
– வாசகி, கெப்போங்

பதில்: இன்றைய செயற்கை எண்ணெய் நல்ல சீலைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே காய்ந்து விறைத்த சீலை இத்தனை காலம் அழுக்குப் படிவு அடைத்துக்கொண்டிருந்தால், அது கரைந்ததும் கசிவு வெளியே தெரியும். அப்போது மாற்ற வேண்டியது சீலைத்தான். ஆயினும் 2,000 கிலோமீட்டரிலேயே வடித்துக் கொட்டப்போகும் எண்ணெய்க்கு இருமடங்கு வெள்ளி கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ‘ஜாசோ எம்.ஏ’ குறியுள்ள சாதாரணக் கனிம எண்ணெயே போதும்.