ஒற்றை ஷூ

வணக்கம் சார்,

காரைக்குடியில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ எங்களுக்குப் பாடம். எல்லோரும் கைடையும் ஜெராக்ஸ் நோட்ஸையும் வைத்துத்தான் ஓட்டுகிறோம். ‘மிஸ் ஹாவிஷாம் உறைந்த காலத்தின் குறியீடு’ என்று மனப்பாடமாக எழுதிவிடுவேன், ஆனால் அது எனக்கே ஒட்டவில்லை. அப்பா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டுக்குக் காவல் இருக்கிறார். என்னைப் போன்றவர்கள் இந்த இலக்கியத்தைச் சொந்தமாக அலச முடியுமா?

வாசகி, காரைக்குடி

வணக்கம்மா,

முடியும். கைடை ஒரு வாரம் பரணில் போடுங்கள். இப்போதைக்கு முழு நாவலும் வேண்டாம், 8-ஆம் அத்தியாயம் போதும். பிப் என்ற சிறுவன் முதல்முறை மிஸ் ஹாவிஷாமின் வீட்டுக்குள் போகிற இடம்.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படியுங்கள். மெழுகுவத்தி வெளிச்சம், மஞ்சளாகிப்போன கல்யாண உடுப்பு, எட்டு நாற்பதில் நின்றுபோன கடிகாரம். இதையெல்லாம் கைடும் சொல்லும். நீங்கள் மிஸ் ஹாவிஷாமின் காலைப் பாருங்கள். ஒரு காலில்தான் ஷூ. இன்னொன்று போடாமலே மேசைமேல் இருக்கிறது. ஷூ இல்லாத காலில் பட்டுக் காலுறை நடந்து நடந்தே கந்தலாகிவிட்டது. அவள் இன்னும் உடுத்தி முடிக்கவில்லை என்று மட்டும் பிப் சொல்கிறான், காரணம் அவனுக்குத் தெரியாது. 22-ஆம் அத்தியாயத்தில் பிப்பின் நண்பன் ஹெர்பர்ட் சொல்லித்தான் தெரிகிறது: அவள் கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டிருந்தபோது, சரியாக எட்டு நாற்பதுக்கு, மாப்பிள்ளையிடமிருந்து உறவை முறிக்கும் கடிதம் வந்தது. ஷூவைப் பற்றி அங்கே ஒரு பேச்சும் இல்லை. இரண்டையும் நாம்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1860 டிசம்பரில் தொடங்கி வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்த நாவல் இது. அன்றைய வாசகர்கள் அந்த ஒற்றை ஷூவோடு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அதைப் பற்றி நீங்களாக அரைப் பக்கம் எழுதினால் அதுதான் ஆய்வு.

அப்புறம் அந்த வீடு. பெரிய வீடு, பூட்டு, ஒட்டடை என்றதும் ‘எங்கள் ஊர் மாதிரியே’ என்று எழுதத் தோன்றும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற செட்டிநாட்டு வீடு எதற்காகத் திறக்கிறது? கல்யாணத்துக்கு. சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பங்காளிகள் வந்து இறங்கினால் உள்முற்றமான வளவு கொள்ளாது. மிஸ் ஹாவிஷாமின் சாட்டிஸ் ஹவுஸ் என்ற வீடு இருண்டதோ கல்யாணம் நின்றதால். நம் ஊரில் ஆட்கள் பிழைக்கப் போனதால் வீடு பூட்டிக் கிடக்கிறது, அவளோ உள்ளே உட்கார்ந்துகொண்டே வெளிச்சத்தை அடைத்துவிட்டாள். இந்த வித்தியாசம் உங்களுக்குச் சட்டென்று தெரியும், லண்டனில் இருக்கிற பேராசிரியருக்குத் தெரியாது. பிப்பைச் சீமானாக்கும் பணமும் கடல் தாண்டி வந்ததுதான், ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்த்துச் சம்பாதித்த ஒரு கைதியின் பணம். கடல் தாண்டிச் சம்பாதித்த பணத்தில் எழுந்த பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த இடம் தானே பிடிபடும்.

விமரிசகர்களையும் படிக்கத்தான் வேண்டும், ஆனால் உங்கள் குறிப்பை எழுதிய பிறகு. முதலில் தமிழிலேயே எழுதுங்கள், தப்பில்லை.

அப்பா அடுத்த தடவை பெருக்கித் துடைக்க அந்த வீட்டைத் திறக்கும்போது கூடவே போங்கள். பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து 8-ஆம் அத்தியாயத்தைச் சத்தமாக வாசியுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.