நியூட்டன் கப்பலில் எழுதவில்லை

கேள்வி: வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கிறது. ஒரு பாட்டைப் பாடுமுன் அது பிறந்த கதையைச் சொல்வது என் பொறுப்பு. ஜான் நியூட்டன் புயலில் அகப்பட்ட கப்பலிலேயே ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டை எழுதினார், கரையிறங்கியதும் அடிமை வாணிபத்தைக் கைவிட்டார் என்று போன வாரம் சொன்னேன். வாட்ஸ்அப்பில் வந்ததுதான். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகன் அது உண்மையில்லை என்கிறான். கூட்டத்தின் மூத்தவரோ, “விசுவாசம் வளருதெண்டால் கதை எப்படி இருந்தால் என்ன?” என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: மகன் பேச்சைக் கேளுங்கள், சகோதரி. மூத்தவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் அவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். “பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக” என்ற கட்டளையில் ஜெபக்கூட்டத்துக்கென்று ஒரு விலக்கு எழுதப்படவில்லை. இறந்துபோன ஒருவர் செய்யாததைச் செய்தார் என்று சொல்வதும் அவரைப் பற்றிய பொய்ச்சாட்சிதான், அவரைப் புகழ்வதற்காகச் சொன்னாலும்.

நடந்தது இது. 1748 மார்ச்சில் அட்லாண்டிக் கடலில் நியூட்டன் இருந்த கப்பல் புயலில் சிக்கியது. அந்த இரவு அவர் கடவுளைக் கூப்பிட்டார். அதுவரை கதை சரி. அதன் பிறகுதான் அவர் அடிமைக் கப்பலில் துணை மாலுமியாகப் போனார். 1750இலிருந்து 1754வரை கப்டனாகவே மூன்று பயணங்கள் நடத்தினார். கப்பலின் அடித்தட்டில் ஆணும் பெண்ணும் அடைபட்டுக் கிடக்க, மேல்தட்டில் அவர் வேதம் வாசித்து ஜெபித்தார். 1754இல் கடலை விட்டதும் மனச்சாட்சி குத்தியதால் அல்ல. திடீரென்று உடம்பு இயலாமல் போனதால்.

1764இல் அவர் இங்கிலாந்தின் ஓல்னி என்ற சிற்றூருக்குக் குருவானவராக வந்தார். சரிகைப் பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழைகளின் ஊர் அது. அவர்களுடைய ஜெபக்கூட்டத்துக்காகத்தான் பாட்டுகள் எழுதினார். உங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டம் போன்ற ஒன்றுக்கு! ‘அமேசிங் கிரேஸ்’ 1773 ஜனவரி 1ஆம் திகதிப் பிரசங்கத்தை ஒட்டி எழுதப்பட்டது. அன்று அவர் எடுத்த வேதபாகம் 1 நாளாகமம் 17. தாவீது ராஜா கர்த்தருடைய சமுகத்தில் இருந்து சொல்கிறான்: “தேவனாகிய கர்த்தாவே, நீர் என்னை இதுவரைக்கும் கொண்டுவந்ததற்கு, நான் எம்மாத்திரம்? என் வீடும் எம்மாத்திரம்?” இந்த வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ‘இதுவரைக்கும் கொண்டுவந்த’ கிருபை அதில் வரிக்கு வரி தெரியும். புயலை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் இந்தத் தாவீதைத் தவறவிட்டுவிட்டார்கள்.

அடிமை வாணிபத்துக்கு எதிராக நியூட்டன் நூல் எழுதி வெளியிட்டது 1788இல். புயல் கண்ட இரவிலிருந்து நாற்பது ஆண்டுகள்! ஒரு காலத்தில் தானும் அந்தத் தொழிலுக்குக் கருவியாக இருந்ததை நினைத்து நெஞ்சு நடுங்குவதாக அதில் எழுதினார். பிரித்தானியா அந்த வாணிபத்தைச் சட்டத்தால் தடைசெய்தது 1807இல். அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். இன்று நாம் பாடும் மெட்டை அவர் தன் பாட்டோடு சேர்த்துக் கேட்டதே இல்லை. 1835இல் அமெரிக்காவில்தான் இரண்டும் ஒன்றாக அச்சேறின.

இப்போது உங்கள் கூட்டத்தில் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். குடியை விட்டுவிட்டு மறுபடி விழுந்தவர் ஒருவர் இருப்பார். பதினைந்து வருடமாகச் சகோதரனோடு பேசாமல், அதே வாயால் ஜெபிக்கிறவர் இருப்பார். நியூட்டன் ஒரே இரவில் வெள்ளையாகிவிட்டார் என்று கேட்டால், ‘அப்போ எனக்குக் கிருபை கிடைக்கவில்லைப் போல’ என்று அவர்கள் தலையைக் குனிவார்கள். கிருபை பெற்ற மனிதனுக்கே தன் பெரிய பாவம் பாவமென்று தெரிய அத்தனை காலம் பிடித்தது என்ற உண்மை அவர்களை நிமிர்த்தும். வசதியாக இருக்கிற எங்களையும் அது கேள்வி கேட்கும்: நான் ஜெபத்தோடு சேர்த்து இன்று என்ன அநியாயம் செய்துகொண்டிருக்கிறேன்? வாட்ஸ்அப் கதையில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

உண்மைக் கதையையும் கவனமாகக் கையாளவேண்டும். இதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கொட்டாஞ்சேனையில் ஒரு செத்தவீடு. விபத்தில் போன பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது. பேச வந்தவர் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டின் கதையை எடுத்தார். 1873 நவம்பரில் கப்பல் மூழ்கி நான்கு மகள்மாரையும் பறிகொடுத்த சிகாகோ வழக்கறிஞர், ‘என் ஆத்துமா நலமாயிருக்கிறது’ என்று பாட்டெழுதியவர். மகள்மார் இறந்ததும் பாட்டும் உண்மை. பேச்சாளர் அத்தோடு நிறுத்தவில்லை. “நாலு பிள்ளையைக் குடுத்தவர் பாடினார், நாங்கள் ஏன் அழவேண்டும்?” என்றார். முன்வரிசையில் இருந்த தாய் அதுவரை வாய்விட்டு அழுதுகொண்டிருந்தவர். சேலைத்தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அந்தப் பாட்டு அச்சில் வந்தது 1876இல். இடையில் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அந்த மூன்று ஆண்டுகளும் அந்த வீட்டில் எத்தனை இரவு அழுகையாகப் போயிருக்கும்! சுனாமியிலும் போரிலும் பிள்ளைகளைக் கொடுத்த தாய்மார் இருக்கும் நாட்டில், ஒரு தகப்பனின் பாட்டை எடுத்து இன்னொரு தாயின் அழுகையை அடைப்பது கொடுமை.

அன்று அந்த வீட்டில் பிறகு ஒரு வயதான அம்மா யாரிடமும் கேட்காமல், மெல்லிய குரலில் “என்னோடிரும், மா நேச கர்த்தரே” என்று எடுத்தார். கதை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வரியில் நாலைந்து பேர் சேர்ந்தோம். தாயின் வாயிலிருந்து சேலை விலகியது; மறுபடி அழுதார். அந்தப் பாட்டை எழுதிய ஹென்றி லைட், இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகம் ஒன்றில் குருவாக இருந்து, நுரையீரல் நோயோடு 1847இல் இறந்தவர். எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் சீஷர்கள் இயேசுவிடம் கேட்ட “எங்களுடனே தங்கியிரும், சாயங்காலமாயிற்று” என்ற வார்த்தைதான் பாட்டுக்கு ஊற்று. இதை நான் பிறகொருநாள் அந்தத் தாய்க்குச் சொன்னேன். அன்று சொல்லியிருந்தால் அவர் காதில் விழுந்திராது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கேட்கிறேன், மன்னியுங்கள். உங்கள் கதைகளில் தமிழர் யாராவது வருகிறார்களா? கிருஷ்ண பிள்ளையைச் சொல்லுங்கள். திருநெல்வேலிச் சீமையில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். ‘சத்தாய் நிஷ்களமாய்’ அவர் பாட்டு. சத்து, சித்து, ஆனந்தம் என்று தான் வளர்ந்த மரபின் சொற்களைக் கொண்டே திரித்துவத்தைப் பாடியவர், “எத்தால் நாயடியேன் கடைத்தேறுவன்” என்று கேட்கிறார். மாணிக்கவாசகர் ‘நாயேன்’ என்று கசிந்த அதே தாழ்மை. நியூட்டன் தன்னை ஈனன் என்று பாடியது ஆங்கிலம் படித்த உங்கள் மகனுக்குப் புரியும். கூட்டத்துக்கு வரும் அம்மம்மாமாருக்கு ‘நாயடியேன்’ என்றால் போதும், கண் நிறைந்துவிடும். எங்கள் தெல்லிப்பழையில் 1908இல் பிறந்த டி.ரி. நைல்ஸ் ஐயர் இருக்கிறார். ஆசியத் திருச்சபைகளுக்கான பாட்டுப் புத்தகத்தை 1963இல் தொகுத்தவர். பஞ்சாபி மெட்டொன்றுக்கு ஆங்கிலத்தில் பாட்டெழுதும்போதும் ‘சரணம்’ என்ற சொல்லை அப்படியே வைத்தார். இதெல்லாம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

முறை என்று கேட்டால், முதலில் பாடுங்கள். கரையோர ரயில் போனால் அது போகும்வரை பொறுத்து, அடுத்த சரணத்தை எடுங்கள். பிறகு அந்த வேதபாகத்தை வாசியுங்கள். கதை கடைசியில், மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ‘இப்படியும் சொல்வார்கள்’ என்ற வகைக் கதையானால் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். ஆண்டும் பெயரும் உறுதியில்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை, தொடக்கத்திலேயே, “போன கிழமை நான் சொன்னது பிழை” என்று சொல்லுங்கள். மூத்தவருக்கு அதை முதலே தனியாகச் சொல்லிவிடுவது நல்லது. பிறகு 1 நாளாகமம் 17:16ஐ உங்கள் மகனை வாசிக்கச் சொல்லுங்கள்.

– ஆசிரியர்