அம்மாவின் நகையை அடகு வைத்து கமரா வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, எனக்கு 26 வயது, தலவாக்கலைப் பக்கம் தோட்டம். ஹட்டனில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன், சம்பளம் 58,000. சனி ஞாயிறுகளில் இசைக்குழுக்களுக்குப் படம் எடுக்கிறேன். மாதம் இரண்டு ஷோ வரும், கொழும்பு என்றால் 12,000 தருவார்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதிலேயே இறங்க ஆசை. ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சர்) கமராவும் தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸும் செகண்ட் ஹேண்டில் எட்டரை லட்சம் சொல்கிறார்கள். அம்மாவின் நகையை அடகு வைத்தால் இரண்டரை கிடைக்கும். மீதி ஆறு லட்சத்தை ஒரு ஃபினான்ஸ் கம்பனி 14 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்குத் தருகிறதாம். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசையும் எடுக்கலாமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஈ.பி.எஃப். காசு ஆண்களுக்குப் பொதுவாக 55 வயதில்தான் கைக்கு வரும். இடையில் 30 சதவீதம் எடுக்க வழி இருக்கிறது, ஆனால் அது வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான், கமராவுக்கு இல்லை.

சரி, இப்போது அந்தப் 12,000 ரூபாய். நீங்கள் அனுப்பிய கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் 2,400, சாப்பாடு தேத்தண்ணிக்கு 1,800, லென்ஸ் வாடகை 4,000, ஆக 8,200 போய்விடுகிறது. மிச்சம் 3,800. அதுவும் ஒரு நாள் உழைப்பா என்றால் இல்லை, போக வர ஒரு நாள், அப்புறம் முந்நூறு படத்தைப் பொறுக்கி நிறம் சரிசெய்து அனுப்ப இரண்டு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள், மூன்றால் வகுத்தால் நாளுக்கு 1,266 ரூபாய். 2024-இல் தோட்டத் தொழிலாளர்களுக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளமே 1,350. அதாவது கொழும்பு மேடைக்கு முன்னால் கழுத்தில் பாஸ் தொங்க நிற்கிற நீங்கள், கொழுந்துக்கூடையோடு மலை ஏறுகிற அம்மாவை விடக் குறைவாகச் சம்பாதிக்கிறீர்கள். மனதை நோகடிக்க எழுதவில்லை. இந்தக் கணக்கை ஒருவரும் உங்களுக்குப் போட்டுக் காட்டவில்லை போலத் தெரிகிறது, அதனால்தான்.

சொந்த லென்ஸ் இருந்தால் வாடகை மிச்சம்தானே என்பீர்கள். வாங்க, அதையும் பார்ப்போம். அந்தக் கம்பனி சொல்லும் 14 சதவீதம் 'ஃப்ளாட்' வட்டியா என்று கேளுங்கள், அநேகமாக அப்படித்தான் இருக்கும். நீங்கள் மாதா மாதம் முதலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் மூன்று வருடமும் முழு ஆறு லட்சத்துக்கே வட்டி போடுவார்கள். வட்டி மட்டும் 2,52,000, தவணை மாதம் 23,667 ரூபாய். குறைந்துகொண்டே வரும் நிலுவைக்கு எனப் பார்த்தால் உண்மையான வட்டி வருடத்துக்கு ஏறக்குறைய 24 சதவீதம். லென்ஸை மாதம் ஆறு இரவு வாடகைக்கு எடுத்தால்தான் இந்தத் தவணை அளவுக்குச் செலவாகும். உங்களுக்கோ இரண்டு ஷோ. இதற்கு மேல் நகையின் வட்டி தனி. இன்னொன்று, ஆடியிலும் மார்கழியிலும் கலியாண வேலையும் இருக்காது, அந்த இரண்டு மாதத் தவணையை எங்கிருந்து எடுப்பீர்கள்?

எங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. என் அண்ணன் லோன் எடுத்து ஸ்பீக்கர் செட் வாங்கினார், திருவிழாக் காலத்தில் நன்றாக ஓடியது, மழைக்காலத்தில் தவணை நின்றது. அந்தச் செட்டில் ஒரு பெட்டி இன்றைக்கும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, மேலே அண்ணி உருளைக்கிழங்கு கொட்டி வைக்கிறார்.

வேலையை விட்டால் 58,000 மட்டும்தான் போகும் என்று நினைக்காதீர்கள். முதலாளி உங்கள் பெயரில் கட்டும் ஈ.பி.எஃப். 12 சதவீதமும் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதமும் சேர்ந்து மாதம் 8,700, அதுவும் நின்றுவிடும். ஆகவே நீங்கள் தாண்ட வேண்டிய கோடு 66,700, அதுவும் செலவு போக.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 70-200ஐ இப்போதைக்கு மறந்துவிடுவேன். இருக்கிற கமராவுக்கு 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று பழசாகத் தேடுங்கள். எஃப் எண் சிறியதானால் வெளிச்சம் கூட, இது எஃப் 2.8 லென்ஸை விட இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே விடும், எங்கள் பக்கத்து மண்டபங்களில் சிவப்பும் நீலமுமாக இரண்டு லைட்டை மட்டும் போட்டுவிட்டு ஃபிளாஷ் அடிக்காதே என்று சொல்லும்போது அதுதான் கைகொடுக்கும். சென்சர் சிறிதான ஏ.பி.எஸ்.சி. கமராவில் போட்டால் 130 மி.மீ. போல இழுத்தும் காட்டும். ஒன்றிரண்டு பூப்புனித நீராட்டு விழா வேலைக் காசில், நகையைத் தொடாமல் வாங்கிவிடலாம். அந்த வேலைகளை ஒரு மாதிரி இளக்காரமாக எழுதியிருந்தீர்கள். காசு அங்கேதான் இருக்கிறது தம்பி, ஃபோட்டோ அல்பத்துக்குத் தாய்மாமன் முன்பணம் கொடுப்பார், இசைக்குழுக்காரர் 'பேர் போட்டுவிடுகிறோம்' என்பார். பெரிய நட்சத்திர ஷோ என்றாலும் பெரும்பாலும் முதல் மூன்று பாட்டுக்குத்தான் மேடைக்கு முன்னால் விடுவார்கள்.

வாங்குமுன் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சணம், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு லயத்து அலமாரியில் நல்ல லென்ஸ் வைத்தாலே பிடித்துவிடும், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று, 45க்கும் 50க்கும் இடையில் நின்றால் போதும். அரிசிக்குள் புதைத்து வைக்காதீர்கள், தூசிதான் ஏறும்.

ஷோவுக்கு ஒத்துக்கொள்ளும்போதே பாதிக் காசு முன்பணம், படத்தை எங்கெல்லாம் போடலாம் என்பது வட்ஸ்அப்பிலாவது எழுத்தில். 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமைக்குப் பதிவு செய்யத் தேவையில்லை, ஆனால் அடுத்த வருடப் போஸ்டரில் உங்கள் படம் தொங்கும்போது சண்டை பிடிக்க அந்த மெசேஜ் வேண்டும். வரியைப் பற்றி இப்போது பயப்பட ஒன்றுமில்லை, 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 லட்சம் வரை விலக்கு. வரவு செலவை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள், உங்கள் தொழிலே கணக்கெழுதுவதுதானே.

அந்தக் கொப்பியில் ஆடியும் மார்கழியும் சேர்ந்த பன்னிரண்டு மாதம் நிரம்பி, மாதச் சராசரி 66,700ஐத் தாண்டினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது வேலையை விடுவதைப் பேசலாம். அம்மாவிடம் நகையை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.