ஷூ கம்பெனி காசில் ஷூ தைப்பவர்களைப் பற்றி ஆய்வு செய்யலாமா?

கேள்வி: பேரணாம்பட்டில் வீட்டிலிருந்தே ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் பெண்களின் கூலியை ஆய்வு செய்ய நினைக்கிறோம். எங்கள் அறக்கட்டளைக்கு ஒன்றரை வயது. ஆம்பூர் கம்பெனி ஒன்று சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் சட்டப்படி ஒதுக்கும் பணம்) தருகிறேன் என்கிறது. ஐரோப்பிய அறக்கட்டளை ஒன்றும் ஆர்வம் காட்டுகிறது. எதை வாங்கலாம்?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இரண்டுமே நினைத்தவுடன் கைக்கு வராது.

சிஎஸ்ஆர் பணம் வாங்க 12ஏ, 80ஜி எனப்படும் வருமான வரிச் சலுகைப் பதிவுகள், மூன்று வருட அனுபவம், அப்புறம் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 பதிவு எல்லாம் வேண்டும். உங்களுக்கு வயது போதாது. போதுமென்றாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தன் ஊழியர்களுக்குப் பயன்படும் செலவைக் கம்பெனி சிஎஸ்ஆர் கணக்கில் காட்டக்கூடாது என்பது விதி. அப்படியென்றால் இந்தப் பணத்தைத் தரும்போதே, 'வீட்டில் தைப்பவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை' என்று கம்பெனி சொல்லிவிட்ட மாதிரி ஆகிறது. அவர்கள் யாருடைய ஆட்கள் என்பதுதானே உங்கள் கேள்வியே!

ஐரோப்பியப் பணத்துக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். முழுப் பதிவுக்கு மூன்று வருடம் இயங்கி, 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். புதியவர்களுக்கு முன் அனுமதி என்ற வழி உண்டு. இன்ன வேலைக்கு இவ்வளவு தொகை என்று நிதியாளர் தரும் உறுதிக் கடிதத்தோடு உள்துறை அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரிய தொண்டு நிறுவனம் வாங்கிச் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துத் தருவது முன்பு சகஜம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது சட்டவிரோதம். யாராவது 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்றால் கும்பிடு போட்டுவிடுங்கள். அந்த நிறுவனமே ஆய்வை நடத்தி, உங்களில் ஓரிருவரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டால் சரி.

முதல் வருடம் சின்னதாக, உள்நாட்டுப் பணத்தில் தொடங்குங்கள். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் முன்னின்றால், அவர் கல்லூரி வழியாக ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) நிதிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் முன்னால் பத்து வீடுகளில் உட்கார்ந்து விசாரியுங்கள்: ஜோடிக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம், நூலும் ஊசியும் யார் காசு, வேலை கொண்டுவரும் ஏஜென்ட் திருப்பிவிட்ட ஜோடிக்குக் கூலி உண்டா. ஜோடிக் கூலியை மணிக் கூலியாக மாற்றி, தமிழக அரசின் குறைந்தபட்ச ஊதியத்தைப் பக்கத்தில் வைத்த ஒரே ஓர் அட்டவணை போதும். இருபது பக்க விண்ணப்பத்தைவிட நிதியாளரிடம் அதுதான் எடுபடும். ஆம்பூர் ஷூ ஜெர்மனிக்கும் போகிறது. பொருள் தயாராகும் இடங்களில் தொழிலாளர் உரிமை மீறப்படுகிறதா என்று பெரிய கம்பெனிகள் கவனிக்க வேண்டும் என்கிற விநியோகச் சங்கிலிச் சட்டம் அங்கே 2023 முதல் அமலில் இருப்பதால், இந்தக் கணக்கைக் கேட்க ஆள் உண்டு.

யார் பணமானாலும், வெளியிடும் உரிமை உங்களிடம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வரைவைப் பார்த்துத் தகவல் பிழை சொல்ல நிதியாளருக்கு 30 நாள் தரலாம், நிறுத்தி வைக்கும் அதிகாரம் தரக்கூடாது. பெண்களின் விவரப் பட்டியலும் கைமாறக்கூடாது. பெயரை மட்டும் மறைத்தால் போதாது. தெருவும் வாரத்துக்கு எத்தனை ஜோடி என்பதும் தெரிந்தால் ஏஜென்ட் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார், அந்த வீட்டுக்கு வேலை நின்றுவிடும். அறிக்கையில் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.