ஆய்வுப் பரிமாற்றம்: வாசகர் கேள்விகள்

பல்முகவர் முறைமை (தனித்தனி இலக்குள்ள பல மென்பொருள் முகவர்கள் பேரம்பேசியும் ஒத்துழைத்தும் இயங்குவது) பற்றிய ஆய்வுக்கு வெளிநாடு போக விரும்பும் இலங்கை மாணவர்களுக்கான பகுதி இது. இம்முறை வந்த கடிதங்களில் பாதி, முன்பே பதில் சொன்ன கேள்விகள். அவற்றை ஒதுக்கிவிட்டேன்.

ஜெர்மனியின் ரைஸ், வைஸ் ஆய்வுப் பயிற்சித் திட்டங்கள் இரண்டில் எதற்கு விண்ணப்பிக்கலாம்? (மொரட்டுவை)

இரண்டுக்கும் முடியாது. வைஸ் இந்தியாவில் படிப்பவர்களுக்கு. ரைஸ் ஜெர்மனி வட அமெரிக்கா, பிரித்தானியா, அயர்லாந்து மாணவர்களுக்கு. தகுதி விதிகளை வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத்துக்கு நானே விண்ணப்பிக்கலாமா? (கொட்டாஞ்சேனை)

இரு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே உடன்படிக்கை இருந்தால், உங்கள் பல்கலைக்கழகத்தின் ஊடாக மட்டும். இருக்கிறதா என்று பீடத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எராஸ்மஸ் முண்டுஸுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். ஆனால் அது முழு முதுமாணிப் படிப்பு.

அறுபது பேராசிரியர்களுக்கு எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. (வெள்ளவத்தை)

போடமாட்டார்கள். நீங்கள் இணைத்திருந்த மின்னஞ்சலில் பேராசிரியரின் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில், சற்றுப் பெரிதாக நிற்கிறது. ஒரே கடிதம் எல்லாருக்கும் போயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கீழே, ‘தங்கள் உன்னத ஆய்வு என்னைக் கவர்ந்தது’. எந்த ஆய்வு? ஏலமுறையில் ரோபோக்களுக்கு வேலை பகிர்பவருக்கும் இதே வரி, வாக்களிப்பு விதிகளை ஆராய்பவருக்கும் இதே வரி.

போதாததற்கு, மூன்று மொழி மாதிரிகளை வரிசையாக நிறுத்தி, ஒன்றின் விடையை அடுத்ததற்கு ஊட்டியதைப் ‘பல்முகவர் முறைமை’ என்று சுயவிபரத்தில் போட்டிருக்கிறீர்கள். தனி இலக்கு எங்கே? பேரம் எங்கே? முகவர்கள் வேலையை அறிவித்து, கேள்விமனு வாங்கிப் பகிரும் ஒப்பந்த வலை நெறிமுறையை ரீட் ஸ்மித் 1980இலேயே எழுதிவிட்டார், அதையாவது வாசித்தீர்களா? கொழும்பிலிருந்து எனக்கு வரும் சுயவிபரங்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். நன்றாகப் படித்த பிள்ளைகளும் இதனால் அடிபட்டுப் போகிறார்கள்.

ஐந்தாறு பேரைத் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொருவரின் கட்டுரையிலும் ஒன்றை முழுதாக வாசியுங்கள். நிரல் வெளியிட்டிருந்தால் ஓட்டிப் பாருங்கள். முகவர்களை நாலிலிருந்து இருபதாக்குங்கள். ஒருவர் கற்கும்போதே மற்றவர்களும் மாறிக்கொண்டிருப்பதால் கற்றல் எங்கோ தடுமாறும். அந்த இடத்தை ஒரு வரைபடத்தோடு எட்டு வரியில் எழுதுங்கள். ரேண்டம் சீடை (தற்செயல் எண்களின் தொடக்க எண்ணை) மாற்றிப் பத்துத் தடவையாவது ஓட்டாமல் எந்த முடிவையும் அனுப்பாதீர்கள்.

முகவர்களை உருவகப்படுத்தும் நெட்லோகோ மென்பொருள் மட்டும் தெரியும். போதுமா?

சமூக உருவகப்படுத்தல் செய்யும் குழுவுக்குப் போதும். முகவர்கள் கற்கும் முறைகளை ஆராயும் குழுவுக்குப் பைதன் நிரல்மொழி வேண்டும்.

ஜப்பானின் சகுரா திட்டப் படிவம் எங்கே கிடைக்கும்?

உங்களுக்குக் கிடைக்காது. அழைக்கும் ஜப்பானிய நிறுவனம்தான் விண்ணப்பிக்கும். அதுவும் சில வாரப் பயணம்; ஆய்வு முடித்துவரலாம் என்று நினைக்காதீர்கள்.

பல்முகவர் ஆய்வுக்கான ஆமாஸ் சர்வதேச மாநாடு மே மாதம். மார்ச்சில் கட்டுரை அனுப்பலாமா?

அடுத்த ஆண்டு மாநாட்டுக்கு அனுப்பலாம். பிரதான கட்டுரைகளுக்கான வாசல் வழக்கமாக முந்திய ஒக்டோபர் வாக்கிலேயே அடைபட்டுவிடும்.

நெதர்லாந்தில் நாலு மாதம். ஷெங்கன் விசா போதுமா? டிக்கெட் இப்போது மலிவு. (தெஹிவளை)

குறுங்கால ஷெங்கன் விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாள்தான். நாலு மாதத்துக்கு வேறு அனுமதி வேண்டும். அதற்கான வேலையைத் தொடங்கவேண்டியது அழைக்கும் பல்கலைக்கழகம். யார் விண்ணப்பிப்பது, யார் கட்டணம் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். டிக்கெட்டை விசா கைக்கு வந்த பிறகு வாங்கலாம்.

சான்றிதழை எங்கே உறுதிப்படுத்துவது?

பத்தரமுல்லை சுகுருபாயவில் உள்ள கொன்சியூலர் அலுவல்கள் பிரிவில். யாழ்ப்பாணத்திலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.