திருகோணமலையில் நாயும் துவக்குமாகப் பறவை வேட்டைக்குப் போகலாமா?

போகேலாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஒரு சிறு பட்டியலைத் தவிர எல்லாப் பறவைகளையும் பாதுகாக்கிறது. காட்டுக்கோழி தேசியப் பறவை, அதைத் தொடவே வேண்டாம். வயல்காரரிடம் இருக்கும் சொட்கன் பயிர்காவலுக்கென்று அனுமதி பெற்றது, பொழுதுபோக்குக்கு அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில் சுட்டுப் பழகினார்கள்; 2003இல் அது தேசியப் பூங்காவாகிவிட்டது.

கேள்வியில் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து ஆசைப்பட்டதாகவும், கந்தளாய்ப் பக்கம் ஓடவிட, பறவையை மணம் பிடித்துக் காட்டும் பொயின்டர் இன நாய்க்குட்டி ஒன்று வாங்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வேட்டையைக் கனடாவின் அல்பேர்ட்டாவில் மச்சானோடு போய் நேரில் பார்த்தவன் நான். என் எண்ணத்தில் துவக்கு அதில் கடைசி வேலை. முக்கால்வாசியும் நாயின் மூக்குத்தான்.

நாய் காற்றுக்கு எதிராக இடமும் வலமுமாக வயலை அரித்துக்கொண்டு போகும். மணம் பிடித்த இடத்தில் ஒரு முன்கால் தூக்கியபடி அப்படியே விறைத்து நிற்கும். பின்னால் வரும் மற்ற நாய் தனக்கு மணம் கிடைக்காவிட்டாலும் முன்னதை மதித்து நின்றுவிடும். பிறகு மனிதர்தான் நடந்துபோய்ப் பறவையைக் கிளப்ப வேண்டும். 28 கிராம் தோட்டாவில் ஏறத்தாழ 350 சன்னம் (சிறு குண்டு), ஒவ்வொன்றும் 2.4 மில்லிமீற்றர். அது நாற்பது யார் தூரத்துக்கு அப்பால் சிதறிப் பயனற்றுப் போகும். நாய் பொறுமையாக நிற்காவிட்டால் அவ்வளவு கிட்டப் போகவே முடியாது. வேலி கடக்கும்போது துவக்கை மடித்துத் திறந்து, தோட்டாவைக் கையில் எடுத்துவிட வேண்டும். மச்சான் இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டான்.

அதே 1937இல்தான் அமெரிக்காவில் துவக்கு, தோட்டா விற்பனை வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் சட்டமும் வந்தது. அங்கே வேட்டைக்காரன் காசில் வாழிடம் வளர்கிறது. அந்த ஏற்பாடு இங்கே இல்லை.

சட்டம் விட்டாலும் நம்மூர் நிலம் இதற்குத் தோதில்லை. கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மண் காய்ந்து மணமே தங்காது. காட்டுக்கோழி ஒளிந்து கிடக்காது, பற்றைக்குள்ளே ஓடிவிடும். முள்ளு, உண்ணி, புடையன் பாம்பு, கந்தளாய்ப் பக்கம் யானை வேறு.

அறுவடை முடிந்த தம்பலகாமத்து வயலோரம் ஒரு காலை நடந்து பாருங்கள். பட்டன்குவெயில் என்ற காடை வகை காலடியில்தான் கிளம்பும், நெஞ்சு திடுக்கிடும். இதில் பெட்டைதான் பெரிசு, நிறமும் அதற்குத்தான். தூரத்து மோட்டார் சைக்கிள் போல உறுமிச் சேவலை அழைக்கும். முட்டையிட்டபின் அடுத்த சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது சேவல். இதைப் பார்க்கத் தொலைநோக்கி போதும்.

பொயின்டர் குட்டி? டவுன் வீட்டு முற்றத்தில் கட்டிவைப்பதென்றால் வாங்காதீர்கள். அந்த இனத்துக்குத் தினமும் மணிக்கணக்கில் ஓட்டம் வேண்டும். ஓட இடமில்லாவிட்டால் வேலியைத்தான் பிய்க்கும். விடியற்காலையில் கடற்கரைக்குக் கூட்டிப்போக உங்களால் முடியுமென்றால் வாங்கலாம். ஒளித்துவைத்த பந்தை மணம் பிடித்துத் தேடப் பழக்கினால் அதற்கு அதுவே பெரிய சந்தோசம். காட்டுப் பறவைக்குப் பின்னால் மட்டும் அவிழ்த்து விடாதீர்கள், துவக்கு இல்லாவிட்டாலும் அது வேட்டைதான்.