கணினிக் கேள்வி–பதில்: கூட்டக் குறிப்பில் தமிழைக் காணோம்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளை வேர்டு கோப்பிலிருந்து நகலெடுத்து இணையதளத்தில் ஒட்டினால், தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வருகின்றன. கோப்பு பழுதாகிவிட்டதா?
– ஒரு சங்கச் செயலாளர், தாம்பரம்

பதில்: கோப்பில் பழுது ஏதுமில்லை. அக்குறிப்புகளை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். அதில் 'த' என்று திரையில் தெரிவது, உள்ளே ஆங்கில 'ஜே' என்றே பதிவாகியிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அதன் வேடம் கலைந்துவிடுகிறது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடிலோ தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் இருப்பதால், எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே தெரியும்.

வேர்டில் அப்பகுதியைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள எழுத்துருப் பெட்டியில் அதன் பெயரைப் பார்த்துக்கொண்டு, என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றி மென்பொருளில் அதற்குரிய வகையைத் தெரிவுசெய்து யூனிகோடாக மாற்றுங்கள். இடையிடையே வரும் மின்னஞ்சல் முகவரிகளையும் ஆங்கிலப் பெயர்களையும் அந்த மென்பொருள் தமிழென்றே எண்ணிக் குதறிவிடும் என்பதால், அவற்றை முன்பே தனியே எடுத்துவைப்பது நல்லது. சிரமத்துக்கு அஞ்சிப் பக்கங்களைப் படமெடுத்து ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு; நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அப்படங்களுக்குள் ஒரு தீர்மானத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

உறுப்பினர்களின் தொலைபேசி எண்களையும் வீட்டு முகவரிகளையும் நீக்கிய பிறகே வெளியிடுங்கள். இனி எழுதும் குறிப்புகளுக்கு, யூனிகோடில் தட்டச்சு செய்ய விண்டோஸிலேயே கிடைக்கும் தமிழ்99 விசைப்பலகை போதும்.